திருகோணமலை வெயிலில் ஒளித்தொகுப்புச் செய்முறை: அறிகுறி பார்த்துப் பிழை தீர்த்தல்

ஒளித்தொகுப்புச் செய்முறைக் குறிப்புகளில் பெரும்பாலானவை 20, 25 பாகை வெப்பநிலையை மனத்தில் வைத்து எழுதப்பட்டவை. திருகோணமலையில் ஆய்வுகூட யன்னலைத் திறந்தாலே 30 பாகைக்கு மேலான காற்று முகத்தில் அடிக்கும். யூன், யூலையில் வரண்ட கச்சான் காற்று வீசினால் இலை நண்பகலுக்கு முன்பே சோர்ந்துவிடும். மாரி தொடங்கினால், ஈரம் பட்டால் நீலத்திலிருந்து சிவப்பாகும் கோபாற்றுத் தாள் டப்பாவுக்குள் இருந்தபடியே சிவக்கும். கடலோரத்துச் செடியென்றால் உப்பும் கணக்கில் சேரும். ஆகவே உயர்தர மாணவரும் முதலாண்டுப் பட்டப்படிப்பு மாணவரும் "பிழைச்சுப் போச்சு" என்று கொண்டுவரும் முடிவுகளில் பல, செடி ஒழுங்காகச் சொன்ன பதில்கள்தான். எது செடியின் பதில், எது காற்றின் குறும்பு, எது கருவியின் கோளாறு என்று பிரிப்பதற்கே இந்த வழிமுறை.

எந்த அறிகுறியானாலும் முதலில் இரண்டு வேலை செய்யுங்கள். செடியே இல்லாமல் அதே அமைப்பை ஒருமுறை ஓட்டுங்கள். பிறகு செடியை வைத்து, ஒளியை முற்றாக மறைத்து ஓட்டுங்கள். செடி இல்லாமலும் அதே விடை வந்தால் கோளாறு கருவியில் அல்லது காற்றில். இருட்டிலும் அதே விடை வந்தால் நீங்கள் அளப்பது ஒளித்தொகுப்பு அல்ல. இரண்டிலும் தேறிய பிறகுதான் செடிப்பக்கம் திரும்ப வேண்டும். தண்ணீருக்குள் ஒரு வெப்பமானி எப்போதும் நிற்கட்டும். அது இல்லாமல் கீழே உள்ளவற்றில் பாதியைக் கண்டுபிடிக்க முடியாது.

"குமிழி வருதில்லை, சேர்"

ஐதரில்லா என்ற நீர்ச்செடியின் துண்டை முகவைக்குள் இட்டுப் புனலையும் அதன்மேல் நீர் நிரம்பிய குழாயையும் கவிழ்த்து, விளக்கைப் போட்டுக் கால் மணித்தியாலம் ஆயிற்று, ஒன்றுமில்லை. முதலில் வெட்டுமுனையைப் பாருங்கள். மழுங்கிய கத்தரிக்கோலால் வெட்டினால் தண்டு நசுங்கி உள்ளேயுள்ள காற்றுவழிகள் அடைபடும். வாயு இலைப்பரப்பால் கசிந்து தண்ணீரில் கரைந்துவிடும், நிரையாக வெளியே வராது. புதிய பிளேட்டால், தண்ணீருக்குள் வைத்தே, சரிவாக ஒரு வெட்டுப் போடுங்கள். நுனி கீழேயும் வெட்டுமுனை மேலேயும் இருக்க வேண்டும். இந்த ஒன்றே பல முகவைகளை உயிர்ப்பித்துவிடும்.

அடுத்தது தண்ணீர். கொதித்தாறிய தண்ணீர் கூடாது; கொதிக்கும்போதே கரைந்த காபனீரொட்சைட்டு வெளியேறிவிட்டது. குழாய்த் தண்ணீரானால் அகன்ற பாத்திரத்தில் ஒருநாள் திறந்து வைத்துக் குளோரீனைப் போகவிடுங்கள். கடற்கரையோரக் கிணற்றுத் தண்ணீர் உவர்ப்பாக இருந்தால் அதைத் தொடவே வேண்டாம். செடி எந்தக் குளத்தில் வளர்ந்ததோ அந்தக் குளத்துத் தண்ணீரைத் துணியில் வடித்துப் பாவிப்பது எல்லாவற்றிலும் நல்லது. அதற்குள் லீற்றருக்கு 2 முதல் 5 கிராம் அப்பச்சோடா கரைத்துப் பத்து நிமிடம் பொறுங்கள். இப்போது குமிழி வந்தால் குறைபாடு காபனீரொட்சைட்டில்தான் இருந்தது. கூடப் போட்டால் கூட வரும் என்று கரண்டி கரண்டியாகக் கொட்ட வேண்டாம். செறிவான கரைசல் செடியிலிருந்து தண்ணீரை இழுத்துவிடும், காரத்தன்மையும் ஏறும்.

இவை இரண்டும் சரியென்றால் செடியின் பயணத்தை விசாரியுங்கள். கந்தளாய்ப் பக்கமிருந்து பொலித்தீன் பையில் கட்டி, பஸ்ஸின் யன்னலோரம் வெயிலில் வைத்துக் கொண்டுவந்த செடி பார்வைக்குப் பச்சையாக இருந்தாலும் உள்ளே வெந்திருக்கும். வாளித் தண்ணீரில், ஈரச்சாக்கால் மூடிக் கொண்டுவாருங்கள். ஓர் இரவு விட்டு, மறுநாள் காலை வெளிச்சம் பட்ட பிறகு வெட்டுங்கள்.

ஐதரில்லா பற்றி இன்னொன்று. நீர் சூடாகி, செடிகள் நெருங்கி, கரைந்த காபனீரொட்சைட்டு அருகிப்போகும் நிலையில் இது சி4 வகைக்குரிய வழியை, அதாவது காபனீரொட்சைட்டை உள்ளே செறித்துக் கொடுக்கும் வழியை, நாடக்கூடிய செடி. அதற்கென்று மக்காச்சோளத்தில் இலைநரம்பைச் சுற்றிக் காணும் கட்டுமடல் அமைப்பு இதனிடம் கிடையாது. நீரில் உள்ள இருகாபனேற்றையும் இதனால் பயன்படுத்த முடியும். ஆகவே வரட்சியில் வற்றிய குளத்து அடர்ந்த பாசிக்குள்ளிருந்து எடுத்த செடியும், மாரியில் புதுவெள்ளத்தில் எடுத்த செடியும் ஒரே சோடாக் கரைசலுக்கு ஒரே மாதிரி நடக்காது. இரண்டு வகுப்புகளின் எண்கள் ஒத்துவராவிட்டால் செடி எங்கே, எந்த மாதத்தில் எடுக்கப்பட்டது என்று கேளுங்கள்.

"இருட்டிலும் குமிழி வருது"

குமிழி எங்கே இருக்கிறதென்று பாருங்கள். கண்ணாடிச் சுவரிலும் புனலின் உட்பக்கத்திலும் இலைகளிலும் ஒரே மாதிரிச் சின்னச் சின்னதாக ஒட்டியிருந்தால் அது தண்ணீரிலிருந்து பிரியும் வாயு. 20 பாகையில் ஒரு லீற்றர் நன்னீர் காற்றிலிருந்து ஏறத்தாழ 9 மில்லிகிராம் ஒட்சிசனைக் கரைத்து வைத்திருக்கும்; 30 பாகையில் 7.5 அளவுதான் தங்கும். குளிர்சாதனப் பெட்டியிலிருந்து எடுத்த தண்ணீரை முகவையில் ஊற்றிவிட்டு நம் ஊர் அறையில் வைத்தால் மிச்சம் வெளியே வரத்தானே வேண்டும்? தண்ணீரை அறை வெப்பநிலைக்கு வரவிட்ட பிறகே செடியை இடுங்கள்.

வெட்டுமுனையிலிருந்து ஒரே நிரையாக வருவதே செடியின் குமிழி. விளக்கை அணைத்ததும் அது சடுதியாக நிற்காது. காற்றுவழிகளில் தேங்கியது வெளியேறிச் சில நிமிடங்களில் மெலிந்து நிற்கும். அந்த நேரத்தைக் கணக்கில் சேர்க்காமல் விடுங்கள். பழைய இழை மின்குமிழ் பாவிப்பவர்கள் விளக்குக்கும் முகவைக்கும் நடுவே தட்டைச் சுவருள்ள கண்ணாடிப் பாத்திரம் ஒன்றில் தண்ணீர் நிரப்பி வைத்தால் வெப்பம் அதில் தங்கிவிடும். எல்ஈடி விளக்கென்றால் இந்தத் தொல்லை குறைவு.

ஒட்சிசனைச் சோதிக்கும்போது "தணற்குச்சி பற்றுதில்லை" என்ற முறைப்பாடும் இதனோடு சேர்ந்தே வரும். சேர்ந்த வாயு தூய ஒட்சிசன் அல்ல. தண்ணீரில் கரைந்திருந்த நைதரசனும் குமிழிக்குள் புகுந்துகொள்ளும். குழாயில் சில சென்ரிமீற்றர் நிரம்பும்வரை நல்ல ஒளியில் விட்டுப் பிறகு சோதியுங்கள். அப்போதும் தணல் சற்றுப் பிரகாசித்தாலே போதும், சுடர்விட்டு எரியவேண்டுமென்று எதிர்பார்க்க வேண்டாம்.

"விளக்கைத் தள்ளி வைத்தும் குமிழி எண்ணிக்கை குறையுதில்லை"

தூரம் 10 சென்ரிமீற்றரிலிருந்து 20 ஆனால் ஒளிச்செறிவு நான்கிலொன்றாகும் என்பது இருட்டறையில், சிறிய ஒற்றை விளக்குக்குப் பொருந்தும் கணக்கு. பகலில் யன்னல் திறந்திருந்தால் வெளியொளியே செடிக்குப் போதும். நீங்கள் விளக்கோடு மல்லுக்கட்டுவது அதற்குத் தெரியாது. நீண்ட குழல் விளக்குக்கும் அந்தக் கணக்கு ஒத்துவராது. அறையை இருட்டாக்கி மறுபடி செய்யுங்கள்.

இருட்டறையிலும் கிட்டத் தூரங்களில் மட்டும் எண்ணிக்கை மாறாமல் நின்றால் அது சரியான முடிவு. அங்கே ஒளி தட்டுப்பாடல்ல; காபனீரொட்சைட்டோ வெப்பநிலையோ கட்டிப்போட்டிருக்கிறது. 1905இல் பிளாக்மன் எழுதிய கட்டுப்படுத்தும் காரணி விதியின் வரைபில் கிடையான பகுதி இதுதான். அந்தத் தூரத்திலேயே விளக்கை வைத்துச் சோடாவைச் சற்றுக் கூட்டுங்கள். எண்ணிக்கை ஏறினால் மாணவருக்கு விளக்கம் வேறு தேவையில்லை.

"அயடீன் போட்டும் இலை கறுக்குதில்லை"

அயடீனை முதலில் ஒரு சோற்றுப்பருக்கையில் விட்டுப் பாருங்கள். பருக்கை கருநீலமானால் அயடீன் பழுதில்லை. கரைசல் பிளேன்ரீ நிறத்தில் இருக்க வேண்டும். வெளிறியிருந்தால் புதிதாகக் கரையுங்கள். கொதிநீரிலிருந்து எடுத்த சூட்டோடு இலையில் அயடீன் விட்டால் நிறம் வராது, ஏனெனில் மாப்பொருளும் அயடீனும் சேர்ந்த அந்த நீலம் வெப்பத்தில் மறைந்துவிடும். குளிர்ந்த தண்ணீரில் அலசிய பிறகு விடுங்கள்.

பிறகு இலை. வெங்காயத் தாளில் மாப்பொருள் தேடினால் கிடைக்காது. அது வெல்லமாகவே சேமிக்கும் இனம். மாவிலை தடித்தது, மெழுகு கூடியது, அயடீன் உள்ளே போக நேரமெடுக்கும். செவ்வரத்தை, பயற்றை, பூசணி ஆகியவற்றின் இளமையும் முற்றலும் இல்லாத நடு இலையே வகுப்புக்கு உகந்தது. பறித்த நேரமும் முக்கியம்: விடியற்காலை இலை இரவு முழுக்கச் செலவழித்த பின் வெறுமையாக இருக்கும். நவம்பரில் நாலு நாள் தொடர்ந்து இருண்டு பெய்தபின் பறித்த இலையிலும் அதே கதை. வெயில் நாளில் பிற்பகல் 2, 3 மணிக்குப் பறியுங்கள்.

பச்சையம் முழுக்க நீங்காத இலையில் நீலம் தெரியாமல் கபிலமாகவே தோன்றும். எதனோலில் இன்னொரு தடவை விடுங்கள். இங்கே ஒரு எச்சரிக்கை, அதை எத்தனை முறை சொன்னாலும் தகும்: எதனோல் 78 பாகையில் கொதிக்கும், அதன் ஆவி தீப்பிடிக்கும். மெதிலேற்றட் ஸ்பிரிட்டும் அப்படித்தான். தண்ணீரைக் கொதிக்கவைத்து, அடுப்பை அணைத்து, அதற்குப் பிறகே எதனோல் குழாயை அந்தக் கொதிநீருக்குள் இறக்க வேண்டும். ஸ்பிரிட் போத்தலுக்குப் பக்கத்தில் மண்ணெண்ணெய் அடுப்பு எரிவதைக் கண்டால் செய்முறையை அன்றைக்கு நிறுத்திவிடுங்கள்.

குரோட்டன், செந்தண்டுக்கீரை போன்ற சிவந்த இலைகளின் செந்நிறம் நீரில் கரைவது, கொதிநீரிலேயே போய்விடும். அதைக் கண்டு பச்சையம் போனதென்று நினைக்காதீர்கள்.

"இருட்டில் வைத்த இலையும் கறுக்குது"

இலையிலுள்ள மாப்பொருள் தீர ஒருநாள் இருட்டு எல்லாச் செடிக்கும் போதாது. தடித்த இலைக்கு 48 மணித்தியாலம் கொடுங்கள். அலுமாரிக் கதவின் இடுக்கால் வெளிச்சம் வருகிறதா என்றும் பாருங்கள். தாய்ச்செடியிலிருந்து பறித்து வைத்த இலையைவிட, செடியோடு சேர்ந்திருக்கும் இலை விரைவாக வெறுமையாகும். வெல்லத்தை அனுப்ப அதற்குத் தண்டும் வேரும் உண்டு. எனவே சாடியோடு தூக்கி வையுங்கள்.

"இரண்டு இலையும் கறுக்கவே இல்லை"

காபனீரொட்சைட்டு அவசியமென்று காட்டும் செய்முறையில், ஒரு குடுவையில் காபனீரொட்சைட்டை உறிஞ்சும் பொற்றாசியம் ஐதரொட்சைட்டும் மற்றதில் வெறும் தண்ணீரும் வைத்து இலைகளை உள்ளே அடைப்போம். தண்ணீர்க் குடுவை இலையும் கறுக்காவிட்டால் குறை காபனீரொட்சைட்டில் இல்லை, சூட்டில்தான். மூடிய கண்ணாடிக் குடுவையை இந்த வெயிலில் முற்றத்தில் வைத்தால் உள்ளே 45 பாகையை எளிதில் தாண்டும். குடுவைக்குள் வெப்பமானியைச் சொருகிப் பார்த்தால் வாதம் முடிந்தது. காலை 8 மணிக்கும் 10 மணிக்கும் இடையில், நேர்வெயில் படாத ஆனால் வானம் திறந்த இடத்தில், வேப்பமர நிழலின் ஓரத்தில் வையுங்கள். கறுப்புத் தாள் சுற்றும் செய்முறையிலும் இதே இடர் உண்டு: தாளுக்கடியில் இலை கருகிக் கபிலமாகும். கறுப்புத் தாளுக்கு மேலே அலுமினியத் தாள் ஒன்று சுற்றினால் வெயில் தெறித்துப் போகும்.

"இலைவாயே தெரியுதில்லை"

இலைத்தோலின் நுண்துளைகளான இலைவாய்களைக் காண, நகப்பூச்சு தடவி, காய்ந்தபின் செலோரேப்பால் உரித்து வழுக்கியில் ஒட்டிப் பார்க்கும் முறைதான் இங்கு எல்லோரும் செய்வது. ஒன்றும் தெரியாவிட்டால் மேற்பக்கத்தை உரித்திருக்கிறீர்கள். மா, பலா போன்றவற்றில் இலைவாய்கள் கீழ்ப்பக்கத்தில்தான். அல்லியில் தலைகீழ்: மிதக்கும் இலையின் மேற்பக்கத்தில் மட்டும். எருக்கலையின் மெழுகும் உரோமமும் பதிவைக் கெடுக்கும். செலோரேப்பால் ஒருமுறை ஒற்றி எடுத்துவிட்டுத் தடவுங்கள். அலரியில் எத்தனை முறை தடவினாலும் வராது. அதன் இலைவாய்கள் கீழ்ப்பரப்பிலுள்ள குழிகளுக்குள் உரோமத்தால் மூடி ஒளிந்திருக்கும். பிளேட்டால் மெல்லிய குறுக்குவெட்டு எடுங்கள். வரண்ட காற்றுக்குச் செடி எப்படித் தன்னைப் பூட்டி வைத்திருக்கிறது என்று அந்த வெட்டில் காண்பது பதிவைவிட நல்ல பாடம்.

எண்ணிக்கை மற்றவர்களுடையதோடு ஒத்துவராவிட்டால் பார்வைப்புலத்தின் பரப்பைக் கணக்கிட்டீர்களா என்று பாருங்கள். கண்வில்லையில் புல எண் 18 என்றிருந்து, பொருள்வில்லை 40 மடங்கானால் விட்டம் 0.45 மில்லிமீற்றர், பரப்பு ஏறத்தாழ 0.16 சதுர மில்லிமீற்றர். வெயிலில் வளர்ந்த இலையில் இலைவாய் அடர்த்தி நிழலிலையை விடக் கூடுதல் என்பதையும் மறக்க வேண்டாம்.

"கோபாற்றுத் தாள் தொடமுன்னமே சிவக்குது"

டிசம்பர் மாதத்து உப்புவெளிக் காற்றில் அது சிவக்காமல் என்ன செய்யும்! தாளைச் சூடாக்கி நீலமாக்கிய உடனே சிலிக்கா ஜெல் போட்ட மூடிய போத்தலில் வையுங்கள். சாவணத்தால் எடுத்து, இலையில் வைத்து, இரு பக்கமும் கண்ணாடி வழுக்கியால் மூடிச் சில விநாடிகளில் இறுக்கிவிட வேண்டும். விரலால் தொட்டால் உங்கள் வியர்வையைத்தான் அளப்பீர்கள். இலையில்லாமல் இரு வழுக்கிகளுக்கிடையே ஒரு தாளை வைத்து அதுவும் சிவக்கும் நேரத்தைக் குறியுங்கள். அந்த நேரத்தைவிட வேகமாகச் சிவப்பதே இலையின் நீராவி.

கிளை இழுக்கும் தண்ணீரை அளக்கும் பொட்டோமீற்றரில் காற்றுக்குமிழி நகராவிட்டால் கிளையைத் தண்ணீருக்குள் வைத்து வெட்டவில்லை, தண்ணீரைக் கொண்டுசெல்லும் காழுக்குள் காற்று ஏறிவிட்டது. அல்லது இறப்பர் அடைப்பானோரம் கசிகிறது, வசலீன் பூசுங்கள். மாரியில், இலை நனைந்திருக்க, காற்றும் ஈரமாக இருக்க, அது நகராமல் இருப்பது நியாயமே. மின்விசிறியைப் போட்டுப் பாருங்கள். பின்னுக்கு நகர்ந்தால் அறை சூடாகித் தண்ணீர் விரிகிறது, யன்னல் வெயிலிலிருந்து கருவியைத் தள்ளுங்கள். கச்சான் காலத்தில் முதலில் விரைந்து ஓடிப் பிறகு சட்டென மந்தமானால் இலைவாய்கள் மூடிவிட்டன. பழுதென்று எண்ணி அந்த இரண்டாவது எண்களை அழித்துவிடாதீர்கள். அவைதான் இந்த ஊருக்குரிய முடிவு.

"பன்னிரண்டு மணிக்கு எண் விழுந்துபோகுது"

வெளிக்களத்தில், இலை எடுக்கும் காபனீரொட்சைட்டை அளக்கும் வாயுப் பரிமாற்றக் கருவியோடு வேலை செய்யும் பட்டப்படிப்பு மாணவர் இதைத்தான் அதிகம் கேட்கிறார்கள். காலை 9 மணிக்கு நல்ல எண். ஒளி உச்சத்துக்கு வரும் நண்பகலில் பாதிகூட இல்லை. மூன்றரைக்குச் சற்று மீள்கிறது. கருவியை அணைத்துப் போட்டு, மின்கலம் மாற்றி, அளவுதிருத்தம் செய்து பொழுது போய்விடும். முதலில் காற்றைக் கணக்கிடுங்கள்.

28 பாகையில் காற்று ஏற்கக்கூடிய நீராவியின் அமுக்கம் 3.8 கிலோபஸ்கால். ஈரப்பதன் 80 வீதமானால் காற்றின் தாகம், அதாவது நிரம்ப இன்னும் வேண்டிய அளவு, 0.8 கிலோபஸ்கால் மட்டுமே. 33 பாகை, 50 வீத ஈரப்பதன் என்றால் அதே அளவு 2.5. காற்றில்லாத வெயிலில் இலை காற்றைவிட 4 பாகை சூடேறி 37ஐத் தொட்டால், இலைக்கும் காற்றுக்கும் இடையிலான வித்தியாசம் 3.8 கிலோபஸ்காலை எட்டும். காலையிலிருந்து நண்பகலுக்குள் ஏறத்தாழ ஐந்து மடங்கு. இந்த இழுவைக்கு இலைவாயைத் திறந்து வைத்திருந்தால் செடி காய்ந்துபோகும். அது மூடுகிறது, காபனீரொட்சைட்டு உள்ளே வருவது குறைகிறது, எண் விழுகிறது. காபனீரொட்சைட்டைச் செறிக்கும் வழி இல்லாத சி3 செடியில், பிடித்த காபனில் ஒரு பகுதியை இழக்கச் செய்யும் ஒளிச்சுவாசத்தையும் வெப்பம் கூட்டும்.

இது இலைவாயின் வேலையா, உட்பொறியின் சேதமா என்று பிரிக்க, கருவி காட்டும் இலையுட்புறக் காபனீரொட்சைட்டுச் செறிவைப் பாருங்கள். ஒளித்தொகுப்போடு அதுவும் சேர்ந்து விழுந்தால் வாயில் மூடியிருக்கிறது. ஒளித்தொகுப்பு விழ, அந்தச் செறிவு மட்டும் விழாமலோ ஏறியோ நின்றால் நொதியமோ ஒளித்தொகுதியோ வெப்பத்தால் தளர்ந்திருக்கலாம். கருவியே இல்லாதவர்கள் ஒரே வயதுச் சாடிச் செடிகளில் பாதிக்கு முதல்நாள் மாலை நிறையத் தண்ணீர் விட்டு, மீதியைக் காயவிட்டு, மூன்று வேளையும் நகப்பூச்சுப் பதிவு எடுங்கள். தண்ணீர் விட்டவையும் நண்பகலில் மூடினால் காரணம் காற்று. காய்ந்தவை மட்டும் மூடினால் காரணம் மண்.

நண்பகலென்பதும் கடிகாரத்து 12 மணி அல்ல. இங்கே சூரியன் உச்சிக்கு வரும் நேரம் நவம்பர் தொடக்கத்தில் 11.50க்கு அருகிலும் பெப்ரவரி நடுவில் 12.20க்கு அருகிலும் விழும். ஏப்பிரல் நடுவிலும் ஓகஸ்ட் இறுதியிலும் அது நேரே தலைக்கு மேலே. மாதத்துக்கு மாதம் எண்களை ஒப்பிடுபவர் இதைத் திருத்திக்கொள்ள வேண்டும்.

நிலாவெளி மணலில் அடம்பன் கொடியும் இராவணன் மீசையும் ஒன்றோடொன்று பின்னிக் கிடக்கும். முன்னையது சி3, பின்னையது சி4. அடுத்தடுத்து நிற்கிறதென்று இரண்டின் எண்களையும் ஒரே சராசரிக்குள் போட்டால் அந்தச் சராசரி எந்தச் செடிக்கும் சொந்தமில்லை.

"வெளிச்சத்திலும் மைனஸ் காட்டுது"

வளிமண்டலத்தில் காபனீரொட்சைட்டு மில்லியனுக்கு 420 பங்கைச் சற்றுத் தாண்டியது. உங்கள் மூச்சில் ஏறத்தாழ 40,000. காற்றின் கீழ்த்திசையில் நில்லுங்கள், உள்ளிழுக்கும் குழாயின் வாயை உயர்த்திக் கட்டுங்கள், வேடிக்கை பார்க்க வந்தவர்களை விலக்குங்கள். அடுத்து, இலையைக் கவ்வும் கருவியறையின் மெத்தை விளிம்பில் மணலோ உப்போ ஒட்டியிருக்கிறதா பாருங்கள். மைனஸ் போய் எண் மிகச் சிறிதாகவே நின்றால் இலைப்பரப்பைச் சரிபாருங்கள். இராவணன் மீசையின் ஒடுங்கிய இலை 2 சதுர சென்ரிமீற்றரை மட்டும் நிரப்ப, கருவியில் 6 என்று பதிந்திருந்தால் விடை மூன்றிலொன்றாகத்தான் வரும்.

கைபேசியின் லக்ஸ் எண்ணை ஒளித்தொகுப்புக்குரிய ஒளியாக மாற்றுபவர்கள், வெயிலுக்கு மட்டும் 54ஆல் வகுக்கலாம்: 100,000 லக்ஸ் ஏறத்தாழ 1,850 மைக்குரோமோல். எல்ஈடிக்கு அந்த எண் பொருந்தாது.

"பிழிந்த பச்சையம் கபிலமாகுது"

அமிலம் பச்சையத்தின் மகனீசியத்தைக் கழற்றிவிட்டது. அரைக்கும்போதே ஒரு சிட்டிகை மகனீசியம் காபனேற்றோ கல்சியம் காபனேற்றோ சேருங்கள், உரலைப் பனிக்கட்டியில் வையுங்கள், வெளிச்சத்தை மறையுங்கள். கண்டல் இலைகளில் தனின் கூடுதலாதலால் இது கட்டாயம். பச்சையம் ஏ, பி விகிதம் வெயிலிலையில் 3ஐச் சுற்றி நிற்க வேண்டும். 1க்குக் கிட்ட வந்தால் கரைசல் கலங்கியிருக்கிறது. மறுபடி வடித்து, 750 நனோமீற்றரில் உள்ள உறிஞ்சலைக் கழியுங்கள். பச்சைய அளவைக் கணிக்க 1949இல் ஆர்னன் தந்த சமன்பாடுகள் 80 வீத அசற்றோனுக்கு உரியவை. எதனோலில் பிழிந்துவிட்டு அவற்றைப் போட்டால் விடை வராது.

"கள்ளி பகலில் ஒன்றும் எடுக்குதில்லை"

எடுக்காது. நாகதாளியும் கற்றாழையும் இரவில் வாயில் திறந்து, காபனீரொட்சைட்டை மலிக்கமிலமாகக் கலத்தின் புன்வெற்றிடத்தில் சேர்த்து, பகலில் கதவை மூடிக்கொண்டு செலவழிப்பவை. பகல் கருவியில் பூச்சியம் வருவதே சரி. விடியலிலும் மாலை 4 மணிக்கும் சம நிறை இலையை அரைத்து, ஐதான சோடியம் ஐதரொட்சைட்டால் நியமித்து, அதாவது அமிலத்தை நடுநிலையாக்கச் செலவாகும் காரத்தை அளந்து, பாருங்கள்; விடியல் மாதிரிக்குத் தெளிவாகக் கூடுதல் காரம் தேவைப்படும். இலை விளிம்பில் குட்டி முளைக்கும் பிரையோபில்லம் காலையில் புளிப்பாகவும் நண்பகலில் சுவையற்றும் இருப்பதை இந்தியாவில் பணியாற்றிய பெஞ்சமின் ஹைன் 1813இலேயே மென்று பார்த்து எழுதியிருக்கிறார். நாகதாளியை அந்த வழியில் சோதிக்க வேண்டாம்.

"இலைக்கு இலை எண் தாவுது"

ஒரே மரத்தின் பத்து இலைகள் பத்து மாதிரிகள் அல்ல. புள்ளிவிபரத்தில் அவை ஒரு மரம். 1984இல் சூழலியலாளர் ஸ்ருவட் ஹேள்பேட் இதைப் போலி மீளாக்கம் என்று அம்பலப்படுத்தினார், ஆனாலும் ஒப்படைகளில் இன்றும் வந்துகொண்டே இருக்கிறது. மரத்துக்கு மூன்று இலை எடுத்துச் சராசரி காணுங்கள், மரங்களின் எண்ணிக்கையைக் கூட்டுங்கள். நுனியிலிருந்து எத்தனையாவது இலை என்பதை நிலையாக வையுங்கள்.

பச்சையம் திருப்பி உமிழும் ஒளியை அளக்கும் ஒளிர்வுமானியில் தாவினால், இலையை இருளில் வைக்கும் கிளிப்பை 20 நிமிடம் ஆகுமுன்னமே கழற்றியிருப்பீர்கள். நன்கு இருளடைந்த ஆரோக்கியமான இலையில் மாறும் ஒளிர்வுக்கும் உச்ச ஒளிர்வுக்கும் உள்ள விகிதம் 0.83க்கு அருகில் நிற்கும்.

"கண்ணா மரத்தில் எல்லாமே கோணலாக வருது"

கொட்டியாரக் குடாவோரம், மூதூர், கிண்ணியாப் பக்கத்துச் சேற்றில் வேலை செய்பவர்களுக்கு இது. குத்திட்டு நிற்கும் மூச்சுவேருள்ள கண்ணா தன் இலையால் உப்பைக் கசியவிடும். அந்த உப்புப் பொடி காற்றின் ஈரத்தை இழுத்து இலையை நனைக்கும். கோபாற்றுத் தாள் சிவக்கும், கருவியின் ஈரப்பதன் எண் துள்ளும். முதல்நாள் மாலை ஈரத்துணியால் துடைத்து, காலையில் இலை காய்ந்த பிறகு அளவுங்கள். தாங்குவேருள்ள கண்டல் உப்பை வேரிலேயே தடுத்துவிடுவதால் அதில் இந்தத் தொல்லை இல்லை.

வாயு அமுக்கத்தால் வெட்டுமுனையில் காழ்நீரை வெளிவரச் செய்து நீரின் இழுவையை அளப்பது அமுக்க அறை; அதில் வரும் எண்ணைச் சரிபார்க்க ஒரு வழியுண்டு. கடல்நீரின் உப்பு மட்டும் ஏறத்தாழ மைனஸ் 2.5 மெகாபஸ்கால் இழுவை கொடுக்கும். வேரடிச் சேறு கடல்நீர் அளவுக்கு உவர்ப்பாக இருக்க, விடியலுக்கு முன் கண்டல் இலை மைனஸ் 0.5 காட்டினால் நம்பாதீர்கள். அடைப்பானால் வாயு கசிந்து வந்த நுரையை முடிவென்று எடுத்திருப்பீர்கள். 1965இல் ஸ்கொலாண்டரும் கூட்டாளிகளும் இந்தக் கருவியால் கண்டலின் காழில் கடல்நீரை விடக் கடுமையான இழுவை இருப்பதைக் காட்டினார்கள். மாவலி வெள்ளம் இறங்கும் மாரி மாதங்களில் சேறு நன்னீராகி எண் மேலேறும், ஆகவே இலையை அளக்கும் ஒவ்வொரு தடவையும் வேரடி நீரின் உப்பையும் அளந்து எழுதுங்கள். கிளை வெட்டுமுன் அனுமதி கேட்டுக்கொள்ளுங்கள்.

வெட்டுமுனையில் பால் வடியும் மரத்தில் காழ்நீர் வருவதைக் கண்ணால் பிரிக்க முடியாது. கண்டலோரத்தில் நிற்கும் தில்லை அப்படிப்பட்டது, அதன் பால் கண்ணில் பட்டால் பார்வையைக் கெடுக்கும். வாயு அமுக்கம் அதைத் தெறிக்கவும் வைக்கும். தில்லையை விட்டுவிட்டு, பக்கத்துக் கண்ணாவில் அளவுங்கள்.